கையெழுத்துப் போடுவதற்கு முன்

(நெய்வேலி, மந்தாரக்குப்பத்தில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விவரங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



பெரிய கட்டுமானங்களில் தொழிலாளர் பாதுகாப்பு என்று தலைப்புச் சொன்னதும், கூட்டத்தை ஏற்பாடு செய்த தோழரே கொஞ்சம் தயங்கினார். "சாதி ஒழிப்பு மேடையில ஹெல்மெட்டுக்கு என்னண்ணே வேலை?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பேசி முடிக்கும்போது அவருக்குப் பதில் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். இங்கே ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ படித்தவர்கள், படித்துக்கொண்டிருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். ஒன்பது, பத்து... பதினோரு பேர். நினைத்ததைவிட அதிகம். கடலூர், விழுப்புரம் மாவட்டத்தில் எந்தக் காலனிக்குப் போனாலும் இந்தப் படிப்பு படித்த ஒரு பையன் இருக்கிறான். படித்துவிட்டு வளைகுடாவுக்குப் போகிறான், இல்லையென்றால் ஏதாவது ஒரு சைட்டில் பச்சை ஹெல்மெட் போட்டுக்கொண்டு நிற்கிறான். நானும் அப்படி நின்றவன்தான். அதனால் இந்தப் பேச்சு எல்லாருக்கும் என்றாலும், கை தூக்கிய பதினோரு பேரை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன்.

2020 ஜூலை 1. இந்த ஊரில் யாருக்கும் அந்தத் தேதியை நினைவுபடுத்த வேண்டியதில்லை. இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஐந்தாவது அலகு. 210 மெகாவாட். அன்று காலை அந்த அலகு மின்சாரம் உற்பத்தி செய்துகொண்டிருக்கவில்லை. நின்றுபோயிருந்ததை மறுபடி ஓட்டுவதற்கான வேலை நடந்துகொண்டிருந்தது. வெடித்தது. ஆறு பேர் அந்த இடத்திலேயே போனார்கள். பதினேழு பேர் கருகிய உடம்போடு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அடுத்தடுத்த நாள்களில் சென்னையிலிருந்து ஒவ்வொரு சாவுச் செய்தியாக வந்துகொண்டே இருந்தது. மொத்த எண்ணிக்கை பத்தைத் தாண்டியது. இறந்தவர்களில் அதிகம் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னால், மே 7 அன்று, அதே நிலையத்தின் ஆறாவது அலகிலும் வெடித்தது. எட்டு பேருக்குத் தீக்காயம், அவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை. ஒரே நிலையம், பக்கத்துப் பக்கத்து அலகு, நடுவில் எட்டு வாரம். ஜூலைக்குப் பிறகுதான் அதே வகை மற்ற அலகுகளையும் நிறுத்திச் சோதித்தார்கள். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, இடைக்கால அபராதமாக 5 கோடி ரூபாய் விதித்தது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 30 லட்சம் என்று அறிவிக்கப்பட்டது.

பழுப்பு நிலக்கரியோடு வாழ்கிற ஊர் இது. அதன் குணம் உங்களுக்குத் தெரியும். பாதிக்குப் பாதி ஈரம்தான். ஆனாலும் சும்மா குவித்து வைத்தாலே உள்ளுக்குள் சூடேறித் தானாகக் கனன்றுவிடும். அதன் தூள் காற்றில் பறந்தால் வெடிமருந்து மாதிரி. அதனால் எந்த அனல்மின் நிலையத்திலும் கொதிகலன் சீராக ஓடும்போது இருக்கிற ஆபத்தைவிட, நின்று மறுபடி கிளம்பும்போது இருக்கிற ஆபத்து அதிகம். குழாயில் அடைப்பு எடுப்பது, தேங்கிக் கிடக்கிற கரியைச் சுரண்டுவது, சாம்பல் வாருவது எல்லாம் அந்த நேரத்து வேலை. அந்த வேலைக்கு யாரை அனுப்புகிறோம்? இந்தியா முழுக்க ஒரே பதில்தான். ஒப்பந்தக்காரரின் ஆள். 2017 நவம்பர் 1 அன்று உத்தரப் பிரதேசம் ஊஞ்சாஹாரில் கொதிகலன் வெடித்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோதும், சாம்பல் அடைப்பு எடுக்கிற இடத்தில் நின்றவர்கள் அவர்கள்தான்.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை.

வடக்கே ஒரு மாநிலம். ஒரு பெரிய அனல்மின் திட்டத்தின் கட்டுமானம். கம்பெனி பெயர் வேண்டாம், எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் இருந்தது. கொதிகலனுக்கான இரும்புச் சட்டகம் எழுந்துகொண்டிருந்தது. திட்டத்தின் உரிமையாளர் ஒருவர். அவருக்குக் கீழே மெயின் கான்ட்ராக்டர். அவருக்குக் கீழே சப் கான்ட்ராக்டர். அதற்கும் கீழே பெட்டி கான்ட்ராக்டர். அவருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற மேஸ்திரி. கடைசியாக, சாரத்தில் ஏறுகிறவன். நான் சப் கான்ட்ராக்டரிடம் சேஃப்டி சூப்பர்வைசர். மாதம் பதினோராயிரம்.

உயரத்தில் வேலை நடக்க பெர்மிட் வேண்டும். அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்கு முன்னால் சாரத்தில் ஏறி, பலகை கட்டியிருக்கிறதா, கிளாம்ப் இறுகியிருக்கிறதா, பெல்ட் கொக்கியை மாட்ட லைஃப்லைன் இழுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். சைட்டில் காலை எட்டு மணிக்கு நாற்பது பெர்மிட் மேசைக்கு வரும். எட்டரைக்குள் கையெழுத்தாகவில்லையென்றால் போன் வரும். நான் நாற்பதிலும் போட்டேன். அப்படித்தான் தினமும் போட்டேன்.

அன்றைக்கு ஒரு பையன் விழுந்தான். ஒடிசாக்காரன், இருபது வயது இருக்கும். பதினோரு மீட்டர். விழுந்த இடத்தில் கம்பிக்கட்டு கிடந்தது.

காலையிலேயே பலகை ஆடுகிறது என்று மேஸ்திரியிடம் கையைக் காட்டிச் சொல்லியிருக்கிறான். மேஸ்திரி, நீ ஏறவில்லையென்றால் கேட்டில் பத்துப் பேர் நிற்கிறான் என்றிருக்கிறார். ஊரிலிருந்து கிளம்பும்போதே அவன் வீட்டில் முன்பணம் வாங்கியாயிற்று. அது கழிகிறவரை அவனால் திரும்பிப் போகவும் முடியாது. இதெல்லாம் பிறகு அவன் கூட்டாளி சொல்லி எனக்குத் தெரிந்தது.

விபத்து அறிக்கை எழுதியது யார்? நான்தான். காரணம் என்ற கட்டத்தில், தொழிலாளி பெல்ட் கொக்கியை மாட்டாததால், கவனக்குறைவு என்று எழுதினேன். கொக்கி மாட்டப்படவில்லை என்பது உண்மை. மாட்டுவதற்கு அங்கே லைஃப்லைனே கிடையாது என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் எழுதினேன். காலையில் நான் போட்ட பெர்மிட்டும் அந்த அறிக்கையும் இன்றைக்கும் ஏதோ ஒரு கோப்பில் ஒன்றாக இருக்கும். இரண்டும் என் கையெழுத்து.

அவன் என்ன சாதி என்று எனக்குத் தெரியாது. விபத்துப் படிவத்தில் பெயர், வயது, பால், தொழில் எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு, சாதிக்கு இல்லை. அதனால் இந்த நாட்டில் கட்டுமானத் தளங்களில் சாகிறவர்கள் எந்தச் சாதி என்று என்னிடம் புள்ளிவிவரம் கேட்டால் தர முடியாது. எண்ணினால் என்ன தெரியும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. சாக்கடை, கழிவுத்தொட்டி சுத்தம் செய்கிறவர்களை நமஸ்தே திட்டத்துக்காக ஒன்றிய அரசே கணக்கெடுத்தது. 2024இல் வெளிவந்த விவரப்படி, கணக்கில் வந்த சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 92 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டவர்கள். பட்டியல் சாதியினர் மட்டும் 69 விழுக்காடு. எண்ணாத இடங்களில் எல்லாம் சாதி இல்லை என்று நினைக்கிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

அம்பேத்கர் 1936இல் சாதி ஒழிப்பு உரையில், சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாக அடுக்கிப் பிரிப்பது என்று வாதிட்டார். அதை நாம் மேடையில் அடிக்கடி சொல்கிறோம். சொன்னவர் ஏழு ஆண்டு கழித்து என்ன செய்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1943 டிசம்பரில், தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் போனார். அடுத்த மாதமே, 1944 ஜனவரியில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. அந்தக் காலத்தில்தான் போர்த் தேவை என்று சொல்லி, பெண்களைச் சுரங்கத்துக்கு அடியில் இறக்கக்கூடாது என்ற தடையை அரசு தளர்த்தியிருந்தது. அவர் பதவியில் இருக்கும்போதே அதுவும் நடந்தது. இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. அவரை மேற்கோள் காட்டுவது சுலபம், இறங்கிப் போய்ப் பார்ப்பதுதான் கடினம் என்று சொல்லவே இதைக் குறிப்பிட்டேன். நான் பதினோரு மீட்டர் ஏறிப் பார்க்கவில்லை.

அடுக்கு என்று சொன்னேன். இந்த ஊர்க்காரர்களுக்கு அது புதிதல்ல. நிரந்தரத் தொழிலாளி, சொசைட்டித் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி. அதற்கும் கீழே, எதிலும் பெயர் இல்லாமல் இரண்டு மாத வேலைக்கு வருகிறவன். உள்ளே ஒரே வேலைதான் நடக்கும், ஆனால் சம்பளம், மருத்துவமனை, குடியிருப்பு எல்லாம் வேறு. வட்டத்துக்குள் மரநிழலில் ஒருவன், வேலிக்கு வெளியே தகரக் கொட்டகையில் ஒருவன். 1956இல் நிறுவனம் தொடங்கி, 1962இல் முதல் அலகு ஓடியபோது, பொதுத்துறை என்றால் நமக்கு என்ன அர்த்தம்? இடஒதுக்கீடு. நிலமே இல்லாத வீட்டிலிருந்து ஒருவன் நிரந்தர வேலைக்குப் போக ஒரு வாசல். வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டதும் அந்த வாசல் சாத்தப்பட்டது, ஏனென்றால் ஒப்பந்தக்காரருக்கு இடஒதுக்கீடு கிடையாது. இதைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அதே நாளில் பாதுகாப்பும் போனது என்பதைப் பேசவில்லை. "இது ஆபத்து, செய்ய மாட்டேன்" என்று நிரந்தரத் தொழிலாளி சொன்னால் மெமோ வரும். ஒப்பந்தத் தொழிலாளி சொன்னால் மறுநாள் கேட் பாஸ் வராது. ஆபத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் மறுக்கிற வாய்ப்பு மிகக் குறைவு. சேஃப்டி வகுப்பில் ஆயிரம் படம் காட்டுகிறார்கள், இந்தப் படத்தை மட்டும் காட்டுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் புதுப் பிரிவுகள் சேர்த்தார்கள். அபாயகரமான தொழிலில் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் அதை எச்சரிக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு என்றது 41-எச். கவனியுங்கள், எச்சரிக்கும் உரிமை. வேலையை நிறுத்திவிட்டு வெளியே வருகிற உரிமை என்று எழுதவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 155ஆம் உடன்படிக்கை 1981இலேயே அதைச் சொல்லிவிட்டது. உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதி வேலையிடத்தை விட்டு விலகுகிறவரைத் தண்டிக்கக்கூடாது.

இப்போது பழைய சட்டங்களையெல்லாம் நான்கு தொகுப்பாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறை என்று ஒன்றிய அரசு அறிவித்துவிட்டது. நமக்கு வேண்டியது தொழில் பாதுகாப்புத் தொகுப்பு. அதில் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். 500 பேர் இருந்தால்தான் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு அலுவலர் என்று இருந்தது, அதை 250 ஆக்கியிருக்கிறார்கள். கை தூக்கிய உங்களுக்கு வேலை கூடும். ஆனால் 20 பேர் வைத்திருக்கிற ஒப்பந்தக்காரருக்கே பொருந்திய ஒப்பந்தத் தொழிலாளர் சட்ட விதிகள், இனி 50 பேர் வைத்திருந்தால்தான் பொருந்தும். பெட்டி கான்ட்ராக்டர் நாற்பத்தொன்பது பேரோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாதவரா என்ன?

இன்னொன்று. முக்கியமான வேலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்று ஒரு பிரிவு போட்டுவிட்டு, எவையெல்லாம் முக்கியமான வேலை இல்லை என்று ஒரு பட்டியல் தருகிறார்கள். பட்டியலில் முதலாவது என்ன தெரியுமா? துப்புரவு. பெருக்குவது, சுத்தம் செய்வது, கழிவு அகற்றுவது. ஏற்றி இறக்குவதும் உண்டு. கட்டுமானமும் பராமரிப்பும் உண்டு. மனுவின் பெயரைச் சொல்லாமல் இதை எழுதியிருக்கிறார்கள். கொதிகலன் அடைப்பு எடுக்கிற வேலை முக்கியமா, பராமரிப்பா என்று நாளைக்கு நீதிமன்றத்தில் வாதம் நடக்கும். அதுவரை அடைப்பை யார் எடுப்பார் என்று உங்களுக்குத் தெரியும்.

"பெரிய கட்டுமானம் என்றால் நாலு உயிர் போகத்தான் செய்யும்" என்று சைட்டில் சாதாரணமாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, அதையும் மீறிப் போனால் விதி என்போம். 2012 லண்டன் ஒலிம்பிக்குக்காக அந்தப் பெரிய கட்டுமானம் முழுக்க முடிந்தபோது ஒரு கட்டுமானத் தொழிலாளிகூடச் சாகவில்லை. வெள்ளைக்காரன் எலும்பு கெட்டி என்பதால் அல்ல. பிரிட்டனில் 1994இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். கட்டச் சொல்கிற உரிமையாளரும், வரைபடம் போடுகிறவரும் தொழிலாளியின் உயிருக்குப் பொறுப்பு. ஒப்பந்தக்காரர் தலையில் மட்டும் கட்டிவிட்டுப் போக முடியாது. இங்கே டெண்டரில் குறைந்த தொகை போட்டவருக்கு வேலை. அவர் சிமெண்டில் குறைத்தால் கட்டடம் காட்டிக்கொடுத்துவிடும், சாரத்தில் குறைத்தால் யாருக்கும் தெரியாது. சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள். அங்கே கட்டடமே காட்டிக்கொடுத்தது.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் திட்டக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்களே, அவர்கள் அசாமிலிருந்து வந்தவர்கள். அந்த வாரம் நம் பக்கங்களில் அதைப் பற்றி எத்தனை பதிவு வந்தது? இங்கேயும் சில தோழர்கள் "வடக்கன்" என்று கேலிப்படம் போடுகிறார்கள். போடாதீர்கள். அவன் நம் வேலையைப் பறிக்கிறான் என்ற கோபத்தில் நியாயம் இருக்கலாம். அந்தக் கோபம் குறைந்த கூலிக்கு ஆள் பிடித்து வருகிறவர் மேல் போக வேண்டும். காலையில் டூல்பாக்ஸ் டாக் என்று பத்து நிமிடம் தமிழில் பேசுகிறோம், அசாமியும் ஒடியாவும் பேசுகிறவன் தலையை ஆட்டுகிறான், பதிவேட்டில் ரேகை வைக்கிறான். தமிழில் போர்டு வை என்று போராடுகிற நமக்குத்தான் புரியாத மொழியில் எச்சரிக்கை எழுதினால் என்ன நடக்கும் என்று நன்றாகத் தெரிய வேண்டும்.

விபத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன். உடம்பு மெல்ல மெல்லக் கெடுவது விபத்துக் கணக்கில் வராது. என் அம்மா முப்பது வருஷம் சித்தாள். விருத்தாசலம், வடலூர், இந்தப் பக்கமெல்லாம் மண்ணும் கல்லும் சுமந்தது. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காது. தாகம் இல்லாமல் அல்ல. சைட்டில் பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லை. சித்திரை வெயிலிலும் குடிக்காது. ஐம்பது வயதில் சிறுநீரகம் போச்சு. எந்தப் பதிவேட்டிலும் அது தொழில் நோய் என்று இல்லை. முப்பது வருஷத்தில் அம்மாவோடு சேர்ந்த பையன்கள் கையாளாக வந்து கொத்தனாராகி மேஸ்திரியாகிவிட்டார்கள். அம்மா கடைசி வரை சித்தாள்தான். கரண்டியைப் பெண் கையில் யாரும் கொடுப்பதில்லை.

சரி, கை தூக்கிய பதினோரு பேருக்கு வருகிறேன். உங்களிடம் "நேர்மையாக இரு" என்று சொல்லிவிட்டுப் போவது அயோக்கியத்தனம். நான் அன்றைக்குக் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் எனக்கும் கேட் பாஸ் வந்திருக்காது. வீட்டுக்கு மாதாமாதம் ஆறாயிரம் அனுப்பிக்கொண்டிருந்தேன். தனி ஆளாக ஒருவன் மறுப்பதற்கு இங்கே ஒன்றும் செய்து வைக்கவில்லை. அதனால் சின்னச் சின்ன வேலையாகச் சொல்கிறேன்.

பெர்மிட்டில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். லைஃப்லைன் இல்லையென்றால் "இல்லை" என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "இல்லை" என்று எழுதிய பெர்மிட்டில் வேலையைத் தொடங்கச் சொல்கிறவர் தன் பெயரைப் போட வேண்டிவரும், பெரும்பாலும் போட மாட்டார். நானே பிற்காலத்தில் வேறொரு சைட்டில் இதைச் செய்து பார்த்தேன். மூன்று முறை லைஃப்லைன் வந்தது. நான்காவது முறை என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.

விபத்து அறிக்கையில் "கவனக்குறைவு" என்று எழுதச் சொன்னால், அந்த ஆள் அதற்கு முன் எத்தனை மணி நேரம் தொடர்ந்து வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாதுகாப்புக் குழுவில் சரிபாதி தொழிலாளர் பிரதிநிதிகள் என்பது 1996 கட்டுமானத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்த விஷயம். அந்த இடத்தில் கான்ட்ராக்டரின் மச்சான் உட்கார்ந்திருக்கிறாரா, சாரத்தில் ஏறுகிறவர் உட்கார்ந்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்தில் சேருங்கள். சூப்பர்வைசர் ஆனதும் நாம் வேறு சாதி ஆகிவிடுவதில்லை. எனக்கு அப்படி ஒரு நினைப்பு இருந்தது, பச்சை ஹெல்மெட் போட்டதும் மஞ்சள் ஹெல்மெட்காரனோடு டீ குடிப்பதை நிறுத்தியிருந்தேன்.

இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவமனை வாசலில் நாம் வைக்கிற முதல் கோரிக்கை, குடும்பத்தில் ஒருவருக்கு நிரந்தர வேலை என்பது. நானும் அதற்காகக் கோஷம் போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். ஆனால் அந்த மனிதர் உயிரோடு இருபது வருஷம் கேட்ட வேலை அது. செத்தால்தான் அந்தப் பட்டியலில் பெயர் ஏறும் என்றால், உயிரோடு இருக்கிறவர்களுக்காக நாம் எப்போது வாசலில் நிற்கப்போகிறோம்? அடுத்த விபத்துக்குக் காத்திருக்காமல், ஓவர்ஹால் தொடங்குகிற வாரத்தில் கேட்டுக்கு முன்னால் ஒரு மேசை போடலாம். உள்ளே போகிற ஒவ்வொருவரின் பெயர், ஊர், ஒப்பந்தக்காரர் யார், என்ன வேலை, விருப்பப்பட்டால் சாதி, இதை மட்டும் ஒரு நோட்டில் எழுதலாம். படிவத்தில் இல்லாத கட்டத்தை நாமே போட்டுக்கொள்ளலாம். ஒரு வருஷம் எழுதினால் யாரும் நம்மிடம் புள்ளிவிவரம் எங்கே என்று கேட்க முடியாது.

நோட்டு நான் வாங்கி வந்திருக்கிறேன், இருநூறு பக்கம். இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகிற தோழர்கள் கிளம்பிக்கொண்டிருக்கிறீர்கள். போகிற போக்கில் முதல் பக்கத்தில் எழுதிவிட்டுப் போங்கள். கேள்வி இருப்பவர்கள் உட்காருங்கள், பேசுவோம். ஜெய்பீம்.